விரலில் 97, படியில் மூச்சிரைப்பு: ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

கேள்வி: கொரோனா வந்து ஏழு வாரமாகிறது. வீட்டிலிருந்தே குணமானேன். இப்போது ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஆக்சிமீட்டரில் 97 இருக்கிறது. வீட்டுக்கு வந்த பரிசோதனைக்கூட முகவர், சி.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பும் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: முதலில் முகவரை அனுப்பிவிடுங்கள். மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பதற்கு முன்பே எடுக்கும் ஸ்கேனால் லாபம் விற்பவருக்குத்தான். கொரோனாவின் நிழல் சி.டி.யில் மாதக்கணக்கில் தெரியலாம். வீட்டிலேயே தேறியவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே மறைந்துவிடும். தொகுப்பில் தவறாமல் நுழைக்கப்படும், ரத்தம் எங்காவது உறைந்திருக்கலாமா என்று காட்டும் டி-டைமரும் வயது, அழற்சி, அண்மைத் தொற்று எனப் பல காரணங்களால் கூடும். அந்த ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாங்களாகவே விழுங்கத் தொடங்கியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

உங்கள் 97 உட்கார்ந்தபடி பார்த்தது. உழைத்தால் அது இறங்குகிறதா என்பதுதான் தெரிய வேண்டும். மருத்துவரிடம், ஒரு நிமிடம் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் சில்லென்றிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறாகக் காட்டும். முடித்த பிறகும் விரலை எடுக்காதீர்கள். சிலருக்குச் சற்றுத் தாமதித்தே இறங்கும். 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் நுரையீரலை விரிவாகப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு நாற்காலி போதும். அந்த ஒரு நிமிடம் இல்லையென்று சொல்லும் இடங்களில் ஸ்கேன் சீட்டு மட்டும் நொடியில் வந்துவிடுகிறது!

படபடப்புக்கு ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று 10 நிமிடத்துக்குள்ளும் நாடியை எண்ணச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் நிமிடத்துக்கு 30 துடிப்போ அதற்கு மேலோ கூடினால், இதயத்தைவிட அதை இயக்கும் நரம்புகளின் தடுமாற்றமாகவே இருக்கலாம்.

பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். சர்க்கரை ஏறும், தசை தளரும். ஒரு விதிவிலக்கு உண்டு. சிலருக்குத் தொற்று போன பிறகும் நுரையீரலில் அழற்சி தங்கிவிடும். நுரையீரல் மருத்துவர் அதை உறுதிசெய்தால் ஸ்டீராய்டுதான் மருந்து. வாரக்கணக்கில், அளவைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பார். ஏற்கெனவே பல வாரங்களாகச் சாப்பிட்டு வருபவர், இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் எந்தப் பரிசோதனைக்கும் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.