தண்ணீர்ச் சட்டம் படிக்க நினைக்கும் மகளுக்காக

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மகள் சட்டம்தான் படிப்பேன் என்கிறாள், அதிலும் நாடுகளுக்கு இடையே ஓடும் ஆற்றுக்கும் மின்சாரத்துக்கும் உரிய சட்டமாம், இது சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். போடும். முதல் நான்கைந்து ஆண்டுகளில் தாராளமாகப் போடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் கடைமடையில் பயிர் வைக்கிறவர் நீங்கள். பிசான சாகுபடிக்குத் திறந்த தண்ணீரை மேல்மடையில் மறித்தால் வயல் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாடுகளுக்கு இடையிலும் இதே கதைதான். காஷ்மீரில் கிஷன்கங்கா ஆற்றைச் சுரங்கம் வழியே திருப்பி 330 மெகாவாட் மின்சாரம் எடுக்க இந்தியா முனைந்தது. அதே ஆறு கீழே பாகிஸ்தானுக்குள் நீலம் என்ற பெயரில் ஓடுகிறது. அங்கும் ஒரு மின்திட்டம். 1960ஆம் ஆண்டு சிந்து நதி ஒப்பந்தத்தின் வாசகங்களை வரிவரியாக அலசி நடுவர் மன்றம் 2013இல் தீர்ப்புச் சொன்னது: திருப்பிக்கொள்ளலாம்; ஆனால் மேலே வினாடிக்கு 9 கனமீட்டர் வரும்போதெல்லாம் அந்த அளவாவது ஆற்றில் விடவேண்டும். அந்த ஒன்பதுக்குப் பின்னால் ஆற்றின் நீரோட்டத்தையும் மின் உற்பத்தியையும் கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள், ஒப்பந்தத்தைக் கரைத்துக் குடித்த வழக்கறிஞர்களும் இருந்தார்கள். மகள் இந்த இரண்டு கூட்டத்தோடும் பேசத் தெரிந்தவளாக வரவேண்டும்.

வேலைக்குப் பஞ்சமில்லை. சிந்து ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. வங்கதேசத்தோடு 1996இல் செய்த கங்கை ஒப்பந்தத்துக்கு ஆயுள் 30 ஆண்டு. நேபாளத்தின் 40 மெகாவாட்டை நம் மின்கம்பி வழியே வங்கதேசத்துக்குக் கொடுக்க 2024இல் மூன்று நாட்டு நிறுவனங்கள் கையெழுத்திட்டன.

ஆனால் நிலத்தை அடகு வைத்து இப்போதே வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியிலேயே இருக்கிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதினால் திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் உண்டு. படிக்கும்போதே முல்லைப் பெரியாற்று அணைக்கான 1886 குத்தகை ஒப்பந்தத்தைப் படிக்கட்டும். சென்னை மாகாணமும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் போய்விட்டன; அந்தக் காகிதம் இன்னும் நீதிமன்றத்தில் பேசுகிறது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பையும் விடவேண்டாம். முடித்தபின் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் வழக்காடும் மூத்தவரிடம் மூன்று ஆண்டு இருக்கட்டும். காற்றாலை வழக்குகள் நம் பக்கத்திலிருந்தே போகின்றன. வருமானமும் அங்கேதான் முதலில் தலைகாட்டும். மேற்படிப்பை அதன்பிறகு உதவித்தொகையோடு பார்க்கலாம்.

ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கன்னடியன் அணைக்கட்டுக்கு அழைத்துப் போங்கள். ஷட்டரை யார் சொல்லித் திறக்கிறார்கள், கடைமடைக்கு எத்தனை நாளில் தண்ணீர் வருகிறது என்று மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரிடம் அவளே கேட்டு இரண்டு பக்கம் எழுதட்டும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இரண்டையும் எனக்கு அனுப்புங்கள்.