கடைவீதியில் நடைபாதை: கடிதம்

ஐயா,

வணக்கம். மூன்று தலைமுறையாகப் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். எங்கள் கடைவீதி சுவருக்குச் சுவர் நாற்பது அடி. நகராட்சி இரண்டு பக்கமும் நடைபாதையை அகலமாக்கி, வாசலில் வண்டி நிறுத்துவதை எடுத்துவிடப் போகிறதாம். அண்டாவும் குடமும் வாங்குகிறவர் அதைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பார்? எதிர்த்து மனு கொடுக்கலாம் என்கிறது வியாபாரிகள் சங்கம். சென்னை பாண்டி பஜாரில் என்ன நடந்தது? நாங்கள் என்ன செய்யலாம்?

ஒரு கடைக்காரர்

அன்புள்ள நண்பருக்கு,

மனு கொடுங்கள். 'வேண்டாம்' என்று அல்ல, 'குறுக்குவெட்டு வரைபடத்தைக் காட்டுங்கள்' என்று. சுவருக்குச் சுவர் எதற்கு எவ்வளவு அகலம் என்று காட்டும் படம் அது. உங்கள் வியாபாரத்துக்கு லாபமா நஷ்டமா என்பது அந்த ஒரு தாளில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வாரம் பில் போடுமிடத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர் நடந்து வந்தாரா, பஸ்ஸா, ஆட்டோவா, பைக்கா, காரா. பக்கத்தில் பில் தொகை. ஒரு முகூர்த்த நாளும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையும் அதில் வர வேண்டும். கூடவே மணிக்கொருமுறை வாசலில் நிற்கும் பைக்குகளின் கடைசி நான்கு இலக்கத்தைக் குறியுங்கள். காலை பத்துக்கு இருந்த எண் இரவு எட்டுக்கும் இருந்தால் அது வாடிக்கையாளர் வண்டி இல்லை. உங்களுடையது, அல்லது எதிர்க்கடைப் பையனுடையது. ஆளுக்கு அரைமணி என்றால் அந்த இடத்தில் இருபது பேர் வண்டி விட்டிருக்கலாம். சங்கக் கூட்டத்துக்கு இந்த நோட்டோடு போங்கள்.

பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்தது. வண்டியே போகாத தெரு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நடுவே போக்குவரத்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, மாறியது ஓரம். அங்கே முன்பின் மாறிப்போனது வாகன நிறுத்தம். நடைபாதை முதலில் வந்தது, தணிகாசலம் சாலையில் பல அடுக்கு நிறுத்தம் அதற்குப் பிறகுதான். நீங்கள் நிறுத்தத்தை முதலில் கேளுங்கள். ஊழியர் வண்டிகள் அங்கே போகட்டும்.

முழுக்க அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்காவில் கலமசூ என்ற ஊர் 1959-ல் கடைவீதியை வண்டிகளுக்கு அடைத்தது. அதைப் பார்த்துப் பல ஊர்கள் அடைத்தன. பெரும்பாலானவை பிறகு திறந்துவிட்டன, கலமசூவும் 1998-ல் ஒரு பகுதியைத் திறந்தது. மக்களும் கடைகளும் புறநகருக்குப் போய்விட்ட பின் அங்கே நடப்பதற்கு ஆள் இல்லை. நம் கடைவீதிகளில் மாடியில் வீடு, பின்தெருவில் கோயில், கூப்பிடு தூரத்தில் பஸ் ஸ்டாண்டு. நடக்க ஆள் இருக்கிறார்கள், இடம்தான் இல்லை.

இனி வரைபடம். நாற்பது அடி என்பது சுமார் 12.2 மீட்டர். ஒருவழிப் பாதையாக்கினால் வண்டி ஓட 3.5 மீட்டர், ஒரு பக்கம் சரக்கு இறக்க 2.2 மீட்டர். மிச்சத்தைப் பிரித்தால் பக்கத்துக்கு 3.25. இதில் கடைக் கண்ணாடியைப் பார்த்து நிற்பவர்களுக்கு ஒரு மீட்டர் போகும். தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டராவது விட வேண்டும் என்பது சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டுதல். மின்கம்பத்துக்கு அரை மீட்டர்கூட மிஞ்சாது. மரத்துக்கு இடமே இல்லை. ஆகவே மரத்தைச் சரக்கு இறக்கும் வரிசையில், இரண்டு வண்டி இடத்துக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். புங்கன் போதும், அடிமரம் வரை சிமெண்ட் பூசக் கூடாது. நிழல் இல்லாத நடைபாதையில் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை காக்காகூட உட்காராது.

உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. நம் ஊர்களில் சாக்கடை மூடியையே நடைபாதையாக்குவதால் அது முழங்கால் உயரத்துக்குப் போய், ஒவ்வொரு வாசலிலும் இறங்கி ஏறுகிறது. ஜனங்கள் பேசாமல் ரோட்டில் நடக்கிறார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள். மேலேயே போட்டால் ரோடு உயரும், அதோடு நடைபாதையும் உயரும், கடைசியில் உங்கள் கடைத்தரை பள்ளத்தில் இருக்கும். ஐப்பசி மழை நேராக உள்ளே வரும். நடைபாதைச் சரிவு கடையை விட்டு ரோட்டுப் பக்கம் இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள்.

கல்லுக்கு அடியில் இப்போதே காலிக் குழாய்கள் போட்டுவைக்க வேண்டும், வீதியின் குறுக்கேயும் சேர்த்து. இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் கேபிள்காரர் உடைப்பார்.

தடுப்புக் கட்டைகளை நம்பி ஏமாறாதீர்கள். இடைவெளி 1.2 மீட்டர் வைப்பார்கள். சக்கர நாற்காலி போகும், ஆட்டோ போகாது, பைக் தாராளமாகப் போகும். பைக்கைத் தடுப்பது அபராதச் சீட்டு மட்டும்தான். அதற்கு ஆள் போடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

அண்டா விஷயம். சரக்கு இறக்கும் இடத்தில் காலை பத்து மணிக்குள் லோடு வண்டி. பிறகு பத்து நிமிடம் மட்டும் நிற்கும் வாடிக்கையாளர் வண்டி. உங்கள் பையன் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஏற்றிவிடலாம். அப்படிச் சரக்கு இறக்கும் இடம் நூறு மீட்டருக்கு ஒன்று இருந்தால் யாரும் ஐம்பது மீட்டருக்கு மேல் தள்ள வேண்டியதில்லை.

பூக்காரம்மாவையும் பழவண்டியையும் விரட்டச் சொல்லிச் சங்கம் கிளம்பும். தடுத்துவிடுங்கள். தெருவுக்குத் தினமும் ஆள் கொண்டுவருவது அவர்கள்தான். பாத்திரம் தினம் வாங்குகிற பொருள் இல்லை. 2014-ஆம் வருடத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு இடம் ஒதுக்க நகர விற்பனைக் குழு உண்டு. மரங்களுக்கு இடையே கட்டம் போட்டுக் கொடுத்தால் நடக்கிற பாதை தப்பும்.

முதலில் டிரம்மும் கயிறும் கட்டி ஒரு மாதம் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளிக்கு முன்னோ வேண்டாம். கூட்டம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கடை சொந்தமா வாடகையா என்று நீங்கள் எழுதவில்லை. வாடகை என்றால் கல் பதிக்கத் தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தை நீண்ட காலத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். தெரு அழகானதும் முதலில் ஏறுவது வாடகைதான்.