அட்மின் காலமானால் குழு யார் கையில்?

கேள்வி: எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஊராரும் கனடா, சுவிஸ் என்று போனவர்களுமாக நானூறு பேர் இருக்கிறோம். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிற செய்தி முதல் எல்லாம் அதில்தான் வரும். ஒரே அட்மின் போன கிழமை காலமாகிவிட்டார். அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டி வைத்திருந்ததால் அவருடைய மரண அறிவித்தலைக்கூடப் போட முடியவில்லை. மாரி வேறு நெருங்குகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், கண்டாவளை

பதில்: போனை நிறுத்த வேண்டாம், அழித்துப் பிள்ளைகளிடம் கொடுக்கவும் வேண்டாம் என்று முதலில் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். சில வீடுகளில் மனைவியின் விரலும் போனில் பதிந்திருக்கும். ஒருமுறை நிறுத்தி இயக்கினால் விரலை ஏற்காது, இரகசிய இலக்கத்தைத்தான் கேட்கும்.

போன் திறந்தால் ஐந்து நிமிட வேலை. குழுவின் பெயரைத் தொட்டு, உறுப்பினர் பட்டியலில் ஒருவரை அழுத்திப் பிடித்தால் அட்மினாக்கும் வழி வரும். மூன்று பேரை ஆக்குங்கள்: ஊரில் இருவர், வெளிநாட்டில் ஒருவர். மழைக்குக் கரண்டும் சிக்னலும் போகிற இரவில் அந்த மூன்றாமவரின் அருமை தெரியும். அதோடு பூட்டையும் எடுத்துவிடுங்கள்.

போன் திறக்காவிட்டால், அவருடைய மடிக்கணினியில் வட்ஸ்அப் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் அட்மினை மாற்றலாம். ஆனால் போன் பாவனையில் இல்லாமல் 14 நாள் போனால் அந்த இணைப்பு தானாக அறுந்துவிடும். எட்டுச் செலவு முடிந்த கையோடு கேளுங்கள். அந்தியேட்டி வரை பொறுத்தால் பிந்திவிடும்.

அதுவும் இல்லையென்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கத்தைக் கொடுத்து உள்ளே போகலாம். பழைய உரையாடல்கள் இதில் வராது, பழைய போனிலும் வட்ஸ்அப் வெளியேறிவிடும் என்பதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அவருடைய குரல்பதிவுகள் அவர்களுக்குப் பெரிய சொத்து. இரண்டாவது பூட்டாக அவர் ஒரு பின் இலக்கம் வைத்திருந்து அது யாருக்கும் தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க நேரும். 45 நாள் சும்மா கிடந்த எண்ணை வேறு போனில் இயக்கினால், எண் கைமாறிவிட்டது என்று எடுத்து அவருடைய படத்தையும் விவரத்தையும் வட்ஸ்அப் நீக்கிவிடும். ஆகவே பிந்தாதீர்கள். சிம்மும் செத்துப்போகாமல் ரீலோட் போட்டு வையுங்கள்.

எந்த வழியானாலும் வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கணக்கைக் கைமாற்ற வட்ஸ்அப் விதி இடம் கொடுப்பதில்லை. அட்மினை மாற்றியதோடு வெளியே வாருங்கள். தனிப்பட்ட உரையாடல்களைத் திறக்க வேண்டாம். அவர் பெயரில் ஒரு வரியும் எழுத வேண்டாம். செத்தவரிடமிருந்து செய்தி வந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும்.

ஒன்றுமே சரிவராவிட்டால், பொதுவாக 120 நாள் பாவிக்காத கணக்கை வட்ஸ்அப் அழித்துவிடும். ஒரே அட்மின் குழுவைவிட்டுப் போனால் யாரோ ஒருவர் தானாக அட்மினாவார். அது குழுவை எட்டியும் பார்க்காத ஆளாக இருக்கலாம். மாரி அதுவரை நிற்காது. புதுக் குழு தொடங்கி அழைப்பு லிங்கை அனுப்புங்கள். பழைய குழுவின் உறுப்பினர் பட்டியலை இப்போதும் பார்க்கலாம். ஒருவரே நானூறு பேருக்கு அனுப்பினால் விளம்பரக்காரர் என்று கணக்கையே முடக்கிவிடுவார்கள். பத்துப் பேர் ஆளுக்கு நாற்பதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குழு ஒழுங்காகும்வரை வெள்ளச் செய்திக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது.

கேள்வி: பழைய மாணவர் சங்க முகநூல் பக்கத்தை நடத்திய நண்பர் தவறிவிட்டார். அவருடைய கணக்கை நினைவுக் கணக்காக மாற்ற அவர் தங்கை விரும்புகிறார். பக்கத்துக்குப் பாதிப்பு வருமா?
- வாசகி, முல்லைத்தீவு

பதில்: வரும். அவர் மட்டுமே அட்மின் என்றால், நினைவுக் கணக்காக்கும் கோரிக்கையை ஏற்றதும் அந்தப் பக்கத்தைப் பேஸ்புக் நீக்கிவிடும். குழு என்றால் இப்படி அழியாது, உறுப்பினர்கள் புதிய அட்மினைத் தேர்ந்துகொள்ளலாம். தங்கையிடம் விளக்கிச் சொல்லிக் கொஞ்சம் பொறுக்கக் கேளுங்கள். அதற்குள் பக்கத்தின் படங்களையும் பதிவுகளையும் இறக்கி வையுங்கள். நண்பர் உயிரோடிருக்கும்போதே தங்கையை மரபுத் தொடர்பாளராக, அதாவது தனக்குப் பின் நினைவுக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக (legacy contact), போட்டிருந்தாலும், அவரால் அந்தக் கணக்கில் நுழையவோ செய்திகளை வாசிக்கவோ முடியாது.

கேள்வி: நூலகத்துக்குச் சேர்த்த காசு, காலமான அட்மினின் சொந்த வங்கிக் கணக்கில் கிடக்கிறது. ஏடிஎம் அட்டையும் பின் இலக்கமும் எங்களிடம் உண்டு. எடுக்கலாமா?
- வாசகர், வவுனியா

பதில்: எடுக்காதீர்கள். அந்தக் காசு இப்போது அவருடைய சொத்தோடு சேர்ந்து நிற்கிறது. கை வைத்தால் நாளைக்கு உரித்தாளிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். யார், எப்போது, எவ்வளவு அனுப்பினார்கள் என்ற பட்டியலைப் பற்றுச்சீட்டுகளோடு குடும்பத்திடம் கொடுங்கள். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போகவேண்டியது அவர்கள்தான். அடுத்த கணக்கைச் சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்தோடு திறவுங்கள்.