ஸ்போர்ட்டி கார் வாங்கலாமா? ஸ்டுட்கார்ட் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். வேலைக்காக ஸ்டுட்கார்ட் வந்து, எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் முடித்து, ஜெர்மன் லைசன்ஸைக் கையில் வாங்கிவிட்டீர்கள். 2018 மாடல் பிஎம்டபிள்யூ 318டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறீர்கள். கருப்பு நிறம், எம் ஸ்போர்ட் பேக்கேஜ், பெரிய வீல்கள். "அந்த மாதிரி காரில் போனால் எவனும் வழி விடமாட்டான், வம்புக்கு இழுப்பான், போலீஸ் நிறுத்தும், அதுவும் நம்ம முகத்தைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம்" என்று ஆபீஸ் நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா அண்ணா என்று கேட்டிருந்தீர்கள்.

பாதி உண்மை. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் சரியில்லை.

கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு காரை நான் பல வருடங்கள் இதே ஊரில் ஓட்டியிருக்கிறேன். பிள்ளைகள் வந்தபிறகு அதைக் கொடுத்துவிட்டு, சாம்பல் நிறத்தில் பின்பக்கம் நீண்ட ஸ்கோடா ஆக்டேவியா வாங்கினோம். காலையில் போகும் பி27 நெடுஞ்சாலை அதேதான், ஓட்டுகிற ஆளும் அதே ஆள்தான். ஆனால் என்னைச் சுற்றி ஓட்டுகிறவர்கள் வேறு மனிதர்கள் போல நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதலில் ஆட்டோபான், அதாவது இங்குள்ள அதிவேக நெடுஞ்சாலை. இங்கே இடது லேன் முந்துவதற்கு மட்டும்தான். வலதில் இடம் இருந்தால் வலதுக்கு வந்துவிட வேண்டும், வலப்பக்கமாக யாரையும் முந்தக் கூடாது. அப்படி முந்தினால் 100 யூரோ அபராதம், லைசன்ஸ் கணக்கில் ஒரு குற்றப் புள்ளி. இதனால் எல்லோரும் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டுவார்கள். அந்தக் கண்ணாடியில் தெரிவது உங்கள் காரின் முகம் மட்டும். தரையோடு தாழ்ந்த பம்பர், இரண்டு பக்கமும் அகலமான காற்றுத் துவாரங்கள், முறைத்துப் பார்க்கிற மாதிரி பகல் விளக்குகள். அதை வைத்து ஒரு நொடியில் அவர் முடிவெடுத்துவிடுகிறார்: இந்த ஆள் வேகமாக வருகிறார், நான் ஒதுங்க வேண்டும் அல்லது ஒதுங்கக் கூடாது.

உங்கள் காரின் என்ஜின் என்ன என்று அவருக்குத் தெரியாது. எம் ஸ்போர்ட் பேக்கேஜ் என்பது பம்பர், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், வீல் சமாச்சாரம். உள்ளே இருப்பது 150 குதிரைத்திறன் டீசல். தினமும் வேலைக்குப் போய்வர அது தாராளம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவர் எதிர்பார்ப்பது 300 குதிரைத்திறன். பெரும்பாலான சிக்கல் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. ஆடியின் எஸ் லைன், மெர்சிடிஸின் ஏஎம்ஜி லைன், ஃபோக்ஸ்வாகனின் ஆர் லைன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஏ8 ஆட்டோபானில் உல்ம் நகரத்துப் பக்கம் ஏறும்போது இதை நீங்களே பார்ப்பீர்கள். மேடு தொடங்கியதும் லாரிகள் திணறி வேகம் குறையும். அவற்றை முந்திக்கொண்டிருக்கும் ஒரு பழைய கோல்ஃப், கண்ணாடியில் உங்களைப் பார்த்துவிட்டு அவசரமாக இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒதுங்கும். மேட்டில் அப்படி ஒதுங்கினால் அவருடைய வேகம் போய்விடும், திரும்ப எடுப்பது சிரமம். உங்களுக்காக அதைச் செய்திருக்கிறார். நீங்களோ காரில் நாலு பேரோடு அவரை விட ஐந்து கிலோமீட்டர் வேகம் கூடுதலாக, மெல்ல ஊர்ந்து கடக்கிறீர்கள். இதற்கா ஒதுங்கினேன் என்று அவருக்கு எரிச்சல் வரும். அடுத்த நிமிடம் அவர் உங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு லைட் அடித்தால், "ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துப் பொறாமை" என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். அது பொறாமை இல்லை. ஆக்டேவியாவில் அதே வேகத்தில் போனால் அவர் ஒதுங்கியே இருக்கமாட்டார். முந்தி முடித்துவிட்டு, தனக்கு வசதியான இடத்தில் வலதுக்கு வந்திருப்பார். எனக்கும் அவருக்கும் எந்தச் சண்டையும் இருந்திருக்காது.

அதனால், முந்தப் போகிறீர்கள் என்றால் முடிக்கிற அளவுக்கு வேகம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின்னாலேயே நிதானமாக, அவர் கண்ணில் உறுத்தாத தூரத்தில் இருங்கள்.

தூரம் பற்றி இங்கே ஒரு கணக்கு உண்டு. வேகமானியில் காட்டும் எண்ணில் பாதி, அத்தனை மீட்டர். 130-இல் போனால் 65 மீட்டர். சாலையோரம் நிற்கும் வெள்ளைக் கம்பங்கள் 50 மீட்டருக்கு ஒன்று, அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 130-இல் போகும்போது தூரம் சுமார் 20 மீட்டருக்குக் கீழே போய்விட்டால் 160 யூரோ, இரண்டு புள்ளிகள், ஒரு மாதம் லைசன்ஸ் கிடையாது. இந்தப் புள்ளிகளைப் பதிந்து வைக்கும் ஃப்ளென்ஸ்புர்க் அலுவலகத்தில் எட்டுப் புள்ளி சேர்ந்தால் லைசன்ஸே போய்விடும். இது எல்லோருக்கும் பொதுவான சட்டம். ஆனால் தாழ்ந்த கருப்புக் கார் 50 மீட்டரில் வந்தாலே முன்னால் போகிறவருக்கு நெருக்குவது போலத் தோன்றும். சாம்பல் நிற ஆக்டேவியா அதே தூரத்தில் வந்தால் அவர் கவனிப்பது கூட இல்லை. நியாயமா என்று கேட்டால், இல்லைதான். ஆனாலும் சட்டம் கேட்பதற்கு மேலே இன்னும் ஒரு கம்பம் தூரம் விட்டுப் பாருங்கள், உங்கள் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

வேக வரம்பு இல்லாத பகுதியில் இன்னொரு விஷயம். அங்கே 130 என்பது பரிந்துரைதான், 1978 முதல் அப்படித்தான். அதற்கு மேலே போவது குற்றமில்லை. ஆனால் விபத்து நடந்தால், தப்பு உங்கள் மேல் இல்லாவிட்டாலும் இழப்பில் ஒரு பங்கை நீதிமன்றம் உங்கள் தலையில் வைக்கலாம். நீங்கள் 180-இல் வரும்போது ஒருவர் 100-இல் இடதுக்கு வருகிறார் என்றால், ஒவ்வொரு நொடியும் 22 மீட்டர் அவரை நெருங்குகிறீர்கள். காரின் முகத்தைப் பார்த்துப் பதறி, ஒதுங்குவதா வேண்டாமா என்று பாதி லேனில் தடுமாறுகிறவர்களும் உண்டு. எனக்கு மிகவும் பயம் தந்தது அவர்கள்தான், கோபக்காரர்கள் இல்லை.

இனி எதிர்மாறான வகை. நீங்கள் முந்த ஆரம்பித்ததும் சிலர் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். அதுவரை 115-இல் போனவர் திடீரென்று 130. முந்தப்படுகிறவர் வேகத்தைக் கூட்டக் கூடாது என்று இங்கே சட்டமே இருக்கிறது, இருந்தும் செய்வார்கள். அந்தக் காரை என் மனைவி ஓட்டும்போது இது இன்னும் அதிகமாக நடந்தது. பெண் ஒருவர் ஸ்போர்ட்டி காரில் தங்களைத் தாண்டிப் போவதைச் சிலரால் பொறுக்க முடியவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம் வரும். அவள் அலட்டிக்கொள்ள மாட்டாள். காலை எடுத்துவிட்டு, மறுபடி பின்னால் போய், அவரைப் போக விடுவாள். அதை விட நல்ல வழியை நான் இதுவரை பார்க்கவில்லை.

பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தால் மட்டும் தயவுசெய்து பிரேக்கைத் தொட்டுக் காட்டாதீர்கள். ஊருக்கு வெளியே, முந்தப் போகிறேன் என்று ஒருமுறை லைட் அடிப்பதை சட்டம் அனுமதிக்கிறது. விடாமல் அடித்துக்கொண்டே நெருங்குவதுதான் குற்றம். அவர் குற்றம் செய்யும்போது நீங்கள் பிரேக் அடித்து மிரட்டினால், இரண்டு பேர் மீதும் வழக்கு வரும். நடுவிரலைக் காட்டுவதும் இங்கே சும்மா போகிற விஷயமில்லை. அது அவமதிப்புக் குற்றம், வண்டி எண்ணை எழுதிக்கொண்டு போய்ப் புகார் கொடுக்கிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

நகரத்துக்குள் வந்தால், லேன் முடியும் இடம் ஒரு சோதனை. முடிகிற லேனில் கடைசி வரை போய், அந்த முனையில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிச் சேர வேண்டும். அதுதான் முறை. ஆனால் கருப்பு பிஎம்டபிள்யூ கடைசி வரை போனால், வரிசையைத் தாண்டி நுழையப் பார்க்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். முன் காரின் பம்பரோடு பம்பர் ஒட்டி நின்று இடைவெளியை மூடிவிடுவார்கள். நான் கண்டுகொண்டது, இண்டிகேட்டரை வழக்கத்தை விட முன்னாலேயே போட்டுவிட்டு, பக்கத்து வரிசையின் வேகத்துக்கே இறங்கி, மெதுவாக முனைக்குப் போவது. கண்ணாடி வழியாக அவரை ஒருமுறை நேராகப் பார்த்துத் தலையசையுங்கள். அனேகமாக விட்டுவிடுவார். இடம் கொடுத்ததும் கையைத் தூக்கி நன்றி சொல்லுங்கள், அதை இங்கே மதிக்கிறார்கள்.

சிக்னலில் பக்கத்தில் வந்து என்ஜினை உறுமவிடும் பையன்களும் வருவார்கள். தியோடர் ஹொய்ஸ் வீதியில் சனிக்கிழமை ராத்திரி போனால் தெரியும். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். 2016 பிப்ரவரியில் பெர்லின் நகர நடுவில் இரண்டு பேர் போட்டி போட்டு ஓட்டியதில், சம்பந்தமே இல்லாத ஒருவர் தன் காரில் இறந்துபோனார். ஓட்டியவர்களில் ஒருவருக்குக் கொலைக் குற்றத்தில் கொடுத்த தண்டனை 2020-இல் உறுதியானது. 2017 அக்டோபர் முதல் சாலைப் பந்தயம் தனிக் குற்றம், சிறைக்குப் போகலாம், காரையே பறிமுதல் செய்யலாம். தனியாக ஓட்டினாலும், முடிந்த வரை வேகம் எடுக்க வேண்டும் என்று கண்மூடித்தனமாக ஓட்டியிருந்தால் அதுவும் இதில் அடங்கும். இங்கே நம்முடைய விசா, வேலை எல்லாம் நல்ல பெயரில் நிற்கிறது தம்பி.

போலீஸைப் பற்றி. வெறுமனே ஸ்போர்ட்டியாக இருக்கிறது என்பதற்காக என்னை நிறுத்தியதில்லை. அவர்கள் தேடுவது சத்தத்தையும் மாற்றங்களையும்தான். மான்ஹைமில் 2016-லேயே சத்தக் கார்களைப் பிடிக்கத் தனியாக ஆள் போட்டார்கள், பிறகு பல நகரங்களில் அதே வேலை நடக்கிறது. காரணமில்லாமல் ஊருக்குள் சுற்றிச் சுற்றி வந்து தொந்தரவு கொடுத்தால் 100 யூரோ வரை அபராதம்.

நம்ம முகம் பற்றிய கேள்வி உங்களுக்குள் இருப்பது தெரிகிறது, எனக்கும் இருந்தது. முறைத்துப் பார்க்கிறவர் காரைப் பார்க்கிறாரா, என் நிறத்தையா? அப்படிப்பட்டவர்கள் இங்கே இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் 120-இல் போகிறவரின் கண்ணாடியில் உங்கள் நிறம் தெரியாது. கார் மாறிய பிறகு, அதே நிறத்தோடு அதே சாலையில் எனக்கு வழி கிடைக்கிறது. சாலையில் வருகிற ஒவ்வொரு எரிச்சலையும் அந்தக் கணக்கில் எழுதி மனசைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். நிஜமாகவே அதற்காக யாராவது நடந்துகொண்டால், அது உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

நல்லதும் நிறைய உண்டு. பெட்ரோல் பங்கில் பெரியவர்கள் தாங்களாக வந்து பேசுவார்கள், எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று. என் ஜெர்மன் தடுமாறின காலத்தில், முன்பின் தெரியாதவர்களோடு அதிகம் பேசியது அந்தக் காரைப் பற்றித்தான்.

சரி, வாங்குங்கள். விற்கிறவரிடம் இரண்டு கேளுங்கள். அந்தப் பெரிய வீல்கள் கம்பெனியில் இருந்து வந்தவையா, பிறகு மாட்டியதா? பிறகு மாட்டியது, காரைத் தாழ்த்தியது என்றால், அதற்கான அனுமதிப் பத்திரம் இருக்கிறதா, வண்டிக் காகிதத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாலையில் ஓட்டும் அனுமதியே ரத்தாகிவிடலாம், இன்சூரன்ஸிலும் தகராறு வரும். அப்புறம் டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலையில் வைக்காமல், வேலை நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பி27-இல் ஏறி, ஏ8-இல் ஒரு லாரியை முந்திப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.