வாக்கர் ரிவால்வருக்கு மருந்து எவ்வளவு?

கேள்வி: 1847-ல் வந்த கோல்ட் வாக்கர் ரிவால்வரில் ஓர் அறைக்கு (சுழலும் சிலிண்டரில் மருந்தும் குண்டும் போடும் துளைக்கு) 60 கிரெயின் கருமருந்து போட்டார்களாம். இன்று அமெரிக்காவில் அதன் நகல்களை வைத்துக் குறி பார்த்துச் சுடுபவர்கள் ஏன் குறைத்துப் போடுகிறார்கள்?

பதில்: 60 கிரெயின் என்றால் ஏறக்குறைய 3.9 கிராம். கைத்துப்பாக்கிக்கு அது ரொம்பவே அதிகம், அக்கால இரும்பு தாங்காமல் பல சிலிண்டர்கள் வெடித்தே போயின, அதனால்தான் அடுத்து வந்த கோல்ட் டிராகூன் ரிவால்வரில் அறையைச் சுருக்கிச் சுமார் 50 கிரெயினுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைய நகல்களின் எஃகு உறுதியானது. ஆனாலும் குறி சீராக விழ அளவாகப் போடுவதே நல்லது; .36 அங்குலக் குழல் அளவுள்ள கோல்ட் 1851 நேவி ரிவால்வரில் பலர் 20 கிரெயினோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சரி, குறைத்தால் அறையில் காலியிடம் வருமே? அங்கேதான் கவனம் வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கவே கூடாது, அதனால் சமையல் ரவையையோ கம்பளி வட்டையோ வைத்து நிரப்பி, எல்லா அறையிலும் ஒரே அழுத்தத்தில் குண்டை இறக்குவார்கள். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அப்புறம், இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக் கூடாது, அந்த அழுத்தத்தில் சிலிண்டர் சிதறிக் கையே போய்விடும்.