வளைவு இருக்கட்டும், கழிப்பறை எங்கே?

அன்புள்ள அக்கா,

அப்பா காலத்திலிருந்து கடைவீதியில் ஜவுளிக்கடை நடத்துகிறோம். பைபாஸ் வந்தபிறகு வீதி படுத்துவிட்டது. ரோட்டரி சங்க நண்பர்கள் என்னையும் சேரச் சொல்கிறார்கள். முகப்பில் அலங்கார வளைவு, சுவர் ஓவியம், செல்ஃபி எடுக்க ஓர் இடம் என்று வீதிக்கு உயிர் கொடுக்கத் திட்டம் வைத்திருக்கிறார்கள். இது சேவையா, வசதியானவர்கள் மாறி மாறிச் சால்வை போட்டுக்கொள்ளும் இடமா? சேரலாமா?

அன்புள்ள தம்பி,

சால்வைப் பேச்சை விடுங்கள். யாருக்கு யார் போட்டால் என்ன, வேலை நடந்தால் சரி. 1985-லிருந்து உலகம் முழுக்கப் போலியோ ஒழிப்புக்குப் பணம் திரட்டியவர்கள் இவர்கள்தான்.

உங்கள் கேள்வியை 1906-லேயே ஒருவர் கேட்டுவிட்டார். அதற்கு முந்தைய வருடம் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் தொடங்கியபோது ரோட்டரி என்பது உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துக்கொடுக்கும் கூட்டம், அவ்வளவுதான். டொனால்ட் கார்ட்டர் என்ற இன்னொரு வக்கீலைக் கூப்பிட்டபோது, வெளியாள் ஒருவருக்கும் பயன்படாத சங்கத்தில் எனக்கென்ன வேலை என்று மறுத்துவிட்டார். சரி, நீங்களே வந்து மாற்றுங்கள் என்றார்கள், சேர்ந்தார். அப்புறம் 1907-ல் அந்தச் சங்கம் ஊருக்காகக் கையில் எடுத்த முதல் பெரிய காரியம் என்ன தெரியுமா? சிகாகோவின் கடைத்தெருப் பகுதியில் பொதுக் கழிப்பறை.

அதற்கும் எதிர்ப்பு வந்தது. ஆண்களுக்கு மதுக்கடைகளில் இருக்கிறதே என்றார்கள் பீர் உற்பத்தியாளர்கள். பெண்களுக்கு எங்கள் கடைகளில் இருக்கிறதே என்றார்கள் பெரிய கடை முதலாளிகள். ஒரு கிளாஸ் குடித்தால்தான், எதையாவது வாங்கினால்தான் அங்கே நுழைய முடிகிறது என்று பதில் சொல்லி, விடாமல் அலைந்து கட்ட வைத்தார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து என் பெரியம்மா நினைவுதான். கடைவீதியில் தரையில் சாக்கு விரித்து வளையல் விற்றார். பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இருக்கும், குடிக்கமாட்டார். நாக்கு வறண்டால் விரலை நனைத்து உதட்டில் தடவிக்கொள்வார். இருட்டி வீடு திரும்பும்வரை அப்படித்தான். மாதம் தவறாமல் நீர்க்கடுப்பு வரும், வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவிட்டு மறுநாளும் போவார். அவர் உட்கார்ந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு சங்கம் கட்டிக்கொடுத்த கழிப்பறை இருந்தது. திறப்புவிழா நடந்த வருடத்திலேயே பூட்டியும் போட்டார்கள்.

தம்பி, எனக்குக் கோபம் வந்ததும் இங்கேதான். ஜவுளிக்கடை என்கிறீர்கள். உங்கள் கடையில் காலையிலிருந்து இரவுவரை புடவை விரித்துக் காட்டும் பெண்கள் எங்கே போகிறார்கள்? கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லையே! அவர்கள் உட்கார ஒரு நாற்காலி போடவே 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் போட வேண்டியிருந்தது. கூட்டம் ஏன் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். குழந்தையையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிற ஒரு பெண் எத்தனை நேரம் அந்த வீதியில் தாக்குப்பிடிப்பாள் என்று யோசித்தீர்களா?

கட்டுவது பெரிய விஷயமே இல்லை. சங்கத்தில் ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் புதுத் தலைவர் பதவியேற்கிறார், அவருக்கென்று ஒரு புதுத் திட்டம், ஒரு கல்வெட்டு. போன தலைவர் கட்டியதற்கு மோட்டார் ரிப்பேர் செய்தால் யார் பெயரையும் கல்லில் வெட்டமாட்டார்கள், அதனால்தான் அது பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் வர வேண்டும், உள்தாழ்ப்பாள் விழ வேண்டும், இரவில் விளக்கு எரிய வேண்டும், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி வேண்டும், சுத்தம் செய்பவருக்குக் கையுறையும் ஒழுங்கான சம்பளமும் வேண்டும். வளைவுக்கு ஒதுக்கும் பணத்தை வங்கியில் போட்டு அந்த வட்டியில் இதைச் செய்யுங்கள். எங்கே கட்டுவது என்று பூக்காரம்மாவிடமும் கேளுங்கள். உலக அளவில் ரோட்டரி பெண்களை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியதே 1989-ல்தான். உங்கள் ஊர்ச் சங்கத்தில் இன்று எத்தனை பெண்கள்?

சுவர் ஓவியம் வரையட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சேருங்கள் தம்பி. ஆனால் எந்த ஜூலையில் யார் தலைவராக வந்தாலும் அந்தத் துப்புரவுப் பணியாளரின் சம்பளம் நிற்காது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டு, அப்புறம் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.