கூடையா, மாம்பழமா, மேசையா?

யாங்கோனிலிருந்து ஒரு தாய் கேட்கிறார். மகள் வீட்டில் தமிழ், வெளியே பர்மியம் பேசுகிறாள். 'த பாஸ்கெட் ஆஃப் மாங்கோஸ் ஆன் த டேபிள் இஸ் ஹெவி' என்ற வாக்கியத்தில் சிம்பிள் சப்ஜெக்டுக்கு, அதாவது விவரங்களை நீக்கினால் மிஞ்சும் எழுவாய்ச் சொல்லுக்கு, கோடு போடச் சொன்னதற்கு, 'டேபிள்' என்று போட்டு வைத்திருக்கிறாள். "எது கனக்கிறது என்று வாயால் கேட்டால் கூடை என்கிறாள். எழுதும்போது மட்டும் ஏன் தப்புகிறது?"

தமிழ்ப் பழக்கம்தான் காரணம். இதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'மேசைமேல் இருக்கிற மாம்பழக் கூடை கனக்கிறது.' விவரமெல்லாம் முன்னால் போய்விட, எழுவாய் கடைசியாக வந்து வினையை ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் இது தலைகீழ். கூடை முதலில் வந்துவிடும், எந்தக் கூடை என்பது அதன் பின்னால் வால்போல நீளும். வினைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பிடித்தால் மேசைதான் கையில் அகப்படும்.

முதலில் வினையைக் கண்டுபிடிக்கட்டும், இங்கே 'இஸ்'. எது கனக்கிறது என்று கேட்டால் 'டேபிள்' வரைக்கும் மொத்தமும் பதிலாக வரும். அது கம்ப்ளீட் சப்ஜெக்ட். அதில் ஆஃப், ஆன், இன், வித் மாதிரி ஒரு சொல் வந்ததும் அங்கிருந்து விரலால் மூடச் சொல்லுங்கள். 'மேசையில்', 'மேசையோடு' என்று உருபு ஏறினால் அது நமக்கு எழுவாய் ஆகாதில்லையா? அந்த உருபின் வேலையை ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் பெயருக்கு முன்னால் நின்று செய்கின்றன. மிச்சம் 'த பாஸ்கெட்'. 'த'வையும் தள்ளினால் விடை.

இதில் தடுமாறினால் வினையிலும் தவறு வரும். 'ஒன் ஆஃப் மை பிரதர்ஸ் லிவ்ஸ் இன் பாகோ' என்பதில் சப்ஜெக்ட் 'ஒன்', பிரதர்ஸ் அல்ல, அதனால்தான் 'லிவ்ஸ்'. நான் போனாலும் அவள் போனாலும் பர்மியத்தில் வினை ஒன்றுதான் என்பதால், அந்த 'ஸ்' பிள்ளைகளுக்கு எளிதில் மறந்துபோகும்.

ஓர் இடத்தின் அல்லது ஆளின் பெயரே பல சொற்களாக இருந்தால் அதைப் பிரிக்கக் கூடாது. 'த ஷ்வேடகோன் பகோடா ஷைன்ஸ் அட் நைட்' என்றால் ஷ்வேடகோன் பகோடா முழுவதும் வேண்டும், யாங்கோனிலுள்ள அந்தப் பௌத்தக் கோயிலின் பெயரே அதுதான். (வெறும் பகோடா நமக்குத் தேநீரோடு வருவது.) 'கம் ஹியர்' என்பதில் 'யூ' மறைந்திருக்கிறது, நம் தோன்றா எழுவாய் போலவே. 'தேர் ஆர் டூ மாங்கோஸ்' என்பதில் 'தேர்' ஏமாற்றும். சப்ஜெக்ட் வினைக்குப் பின்னால் இருக்கிற மாங்கோஸ்.

இன்று இரவு இதைக் கொடுத்துப் பாருங்கள்: 'த கீ டு த கேட்ஸ் ஆஃப் த டெம்பிள் இஸ் லாஸ்ட்.' 'டெம்பிள்' என்றாளானால் விரலை வைக்க மறந்துவிட்டாள் என்று அர்த்தம்.